டிரம்மில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மூலக்கூறு அமைப்பைக் கொடுத்தால் போதும், அந்த வேதிப்பொருள் மீனுக்கு எவ்வளவு விஷம் என்று கணினியே சொல்லிவிடும், இனி மீனைத் தொட்டியில் விட்டுச் சாகடிக்க வேண்டியதில்லை என்று தங்கள் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். கழிவுநீர் ஆய்வகத்தில் மீன் தொட்டிகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரை பொய் சொல்லவில்லை. கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள் செவுள் வழியாக உள்ளே போய்ச் செல்சவ்வுகளில் தங்கிவிடும், மீன் மயங்கிச் சாகும். ஆகவே தண்ணீரைவிட, கொழுப்புக்குப் பதிலாக ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளும் ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் அது எத்தனை மடங்கு கரைகிறது என்பதை வைத்தே, பல பொருட்களுக்குக் கொல்லும் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். 1981-இல் கோனமான் என்ற ஆய்வாளர் 50 தொழிற்சாலை மாசுப் பொருட்களைக் கப்பி மீன்களில் சோதித்து இதைக் காட்டினார். அப்புறம் அமெரிக்காவில் டுலூத் நகரத்து அரசு ஆய்வகத்தில், கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன் ஒன்றில் 600-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சோதித்தார்கள். இன்றைய கணினி முறைகளில் பலவும் படித்த பாடம் அந்தத் தொட்டிகளில் செத்த மீன்களின் கணக்குதான். கட்டுரையாளர் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

ஆனால் இந்தக் கரைதிறன் கணக்கு எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. புரொப்பனால், அல்லைல் ஆல்கஹால் என்ற இரண்டு ஆல்கஹால்களையும் தாளில் வரைந்தால் வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். இருந்தும் புரொப்பனால் லிட்டருக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அந்த டுலூத் மீன்களில் பாதி 96 மணி நேரத்தில் சாகும். அல்லைல் ஆல்கஹாலில் அரை மில்லிகிராம்கூட வேண்டாம். மீனின் உடம்பே அதை அக்ரோலின் என்ற கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது. நல்ல மென்பொருட்கள் இப்படிப்பட்டவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன, சரி. அப்படிப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்ததே மீன் செத்ததைப் பார்த்துத்தான்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சாயப்பட்டறையில் இறங்கும் டிரம்மின் மேல் ஒரு வணிகப் பெயர், இரண்டு மூன்று எழுத்து, ஒரு பேட்ச் நம்பர், அவ்வளவுதான். வெட்டிங் ஆயில், சாஃப்ட்னர் என்று கேட்டு வாங்குகிற பட்டறைக்காரருக்கே உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று தெரியாது. விவரத் தாளைக் கேட்டால், முக்கியமான இடத்தில் 'வணிக ரகசியம்' என்றிருக்கும். கணினிக்கு எதைக் கொடுப்பது?

பெயர் தெரிந்தாலும் சிக்கல் தீராது. துணித் தொழிலில் சோப்புப் போலக் காலம் காலமாகப் புழங்கியது நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற பொருள். சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியா அதைச் சிதைக்கச் சிதைக்க, தாய்ப்பொருளைவிட மீனுக்கு அதிக விஷமான நோனைல்பீனால் மிஞ்சுகிறது. டிரம்மில் வந்தது ஒன்று, வாய்க்காலில் போவது வேறொன்று.

இதனால்தான் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தில் மீன் சோதனை இருக்கிறது. நல்ல தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்தும் 90 சதவீத மீன் உயிரோடிருக்க வேண்டும். பத்து விட்டால் ஒன்பது. திங்கட்கிழமை காலையில் தொடங்குவோம், அப்போதுதான் கடைசிக் கணக்கு வெள்ளியன்று முடியும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாம். முந்தின நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் சரியில்லை என்றால் மீன் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு ஒருக்களிக்கும். கண்ணாடிக் குச்சியால் வாலைத் தொட்டும் அசையவில்லை, செவுள் மூடியும் ஆடவில்லை என்றால்தான் செத்ததாக எழுதுவோம். எழுதிய கையோடு வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே தண்ணீரைக் கெடுத்து மற்றதையும் கொல்லும். எதனால் செத்தது என்று தொட்டி சொல்லாது. அம்மோனியாவா, உப்பா, ஆக்ஸிஜன் பற்றாக்குறையா என்று தேடுவது தனிப்பாடு. ஆனாலும் பெயர் தெரியாத பத்து இருபது பொருள் கலந்த தண்ணீரை அப்படியே முழுதாகச் சோதிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வழி இல்லை.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்படிக் கணக்குப் போடும் ஈகோசார் என்ற மென்பொருளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே தருகிறது. சாயமும் துணை ரசாயனமும் விற்பவர்கள் ஒவ்வொரு சரக்கிலும் உள்ள பொருட்களின் சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, வெளியே போடாவிட்டாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமாவது கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடட்டும். எண்கள் கையில் இருந்தால், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று மாவட்ட ஆய்வகத்திலேயே வரிசைப்படுத்திவிடலாம். அடுத்த கட்டுரையில் இதைப் பற்றி அதிகாரிகளிடம் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும். அதுவரை, கணினி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு யாரும் மீன் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
ஈரோடு