மோரண்ட் முனையில் இரும்புக் கோபுரம் எழுப்பியவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

ஜமைக்காவின் கிழக்குக் கோடியான மோரண்ட் முனையில் 1841-இல் நீங்களும் கூட்டாளிகளும் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. வெள்ளைக் கோபுரத்தில் சிவப்புப் பட்டைகள் பூசியிருக்கிறார்கள். நாட்டின் மரபுச் சின்னங்களில் ஒன்றாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

அதை வடிவமைத்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் அலெக்சாண்டர் கார்டன் என்பது பதிவாகியிருக்கிறது. வார்ப்பு வேலை லண்டனில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. கட்டியவர்களைப் பற்றி மட்டும் 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்த க்ரூ ஆட்கள்' என்று, மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர இனம் ஒன்றின் பெயரோடு, ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் அடைபட்டிருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் வேலை செய்த இடம் லேசான இடமா? தாழ்ந்த கரை. பின்னால் சதுப்பும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் கரும்புத் தோட்டங்கள். வளைந்த வார்ப்பிரும்புத் தகடுகளின் உள்விளிம்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, போல்ட் போட்டு முறுக்கி, வளையத்தின் மேல் வளையமாக ஏறக்குறைய 100 அடிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். கீழே ஒரு வளையம் சற்றுச் சாய்ந்தால் மேலே வருவது எதுவும் சரியாக உட்காராது. அந்த வெயிலில் இரும்பு கையை எப்படிச் சுட்டிருக்கும்!

ஜமைக்காவில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது 1838-இல். மூன்றே ஆண்டுகள் கழித்து, பல தலைமுறை ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டுக் கொண்டுபோன அதே கடலைத் தாண்டி, நீங்கள் சுதந்திர மனிதராக வந்தீர்கள். நெற்றியில் நீலக் கோடு பச்சை குத்திக்கொள்வது க்ரூ மக்களின் வழக்கமாக இருந்தது. அந்தக் கோட்டைக் கண்டால் அடிமை வணிகர்கள் தொடமாட்டார்கள் என்பார்கள். அப்படிக் காத்துக்கொண்ட மானத்தையும் பிரிட்டிஷ் கப்பல்கள் விட்டுவைக்கவில்லை. வேலைக்கு எடுத்த க்ரூ மாலுமிகளின் பெயரைப் 'பீர் பாட்டில்' என்றெல்லாம் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மேற்கு அரைக்கோளத்தின் முதல் வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கம் என்று மோரண்ட் முனையைச் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் பெர்முடாவின் கிப்ஸ் குன்றில் கார்டனின் இன்னொரு இரும்புக் கோபுரம் 1846-இல் ஒளி வீசத் தொடங்கியது. காகிதத்தில் இருந்த கணக்கு புயற்காற்றுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும் என்று இந்தப் பக்கத்துக் கடல்களில் முதலில் காட்டியவை உங்கள் கைகள். ஆகவே கார்டன் பெயரைப் பொறிக்கும் இடத்தில், அதே அளவு எழுத்தில், 'எழுப்பியவர்கள் க்ரூ தொழிலாளர்கள்' என்றும் பொறிக்க வேண்டும் என்று கேட்கிறேன். பழைய கப்பல் ஏடுகளையும் கூலிக் கணக்குகளையும் புரட்டுகிறவர்கள் உங்கள் ஊரில் உங்களை அழைத்த பெயரையும் தேடட்டும்.

வணக்கத்துடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவர்