பழனி பாதயாத்திரைக் குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டுக் குருசாமிகளுக்கு வணக்கமுங்க.

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்கு ரோட்டோரக் கொட்டகையில் காலுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மாலை போட்டுவிடும் முன், அவரவர் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்தவர் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். கிளம்பினாலும் வெறுங்காலோடு வேண்டாம். முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

போன பூசத்தில், தாராபுரம் ரோட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தார். அவர் வந்த தடத்தில் ரத்தக்கறை. உட்கார வைத்துப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, சதைக்குள் ஒரு ஜல்லிக்கல் புதைந்திருந்தது. இடுக்கியால் எடுக்கும்போதும் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "சக்கரைக்கு ரொம்ப வருசமா மாத்திரை திங்கறனுங்க. செருப்பு கழண்டு போனாக்கூட நாலெட்டு வெச்ச பொறகுதான் தெரியுதுங்க" என்றார். கூட வந்தவர்கள், வலி தெரியாதது முருகன் அருள் என்றார்கள். நரம்பு கெட்ட கால் அப்படித்தான் வலிக்காது.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. சர்க்கரை முதலில் கெடுப்பதும் அவற்றைத்தான். விரல் நுனியில் மதமதப்பு, ஊசி குத்துவது போல, ராத்திரியில் எரிச்சல் என்று ஆரம்பித்து, காலுறை போடும் அளவுக்கு மேலே ஏறும். முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல்களும் மரக்கும். கண்ணை மூடி முகம் கழுவினால் தள்ளாடும். சிலருக்கு எரிச்சலே இருக்காது, நேராக மரத்துப் போய்விடும். அவர்கள்தான் ஆபத்தில் இருப்பவர்கள், ஏனென்றால் வைத்தியரிடம் போகத் தோன்றாது.

சர்க்கரை மட்டும் காரணமில்லை. பல வருடக் குடி, பி12 சத்துக் குறைவு (கறி, முட்டை, பால் தொடாதவர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் வரலாம்), தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய். தோலில் வெளிறிய தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், தொழுநோய்க்கு மருந்து அங்கே இலவசம். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் இழுத்தால் அது முதுகெலும்பு சமாச்சாரமாக இருக்கலாம், அது வேறு கதை. ஆனால் சில நாளிலேயே இரண்டு காலும் பலம் குறைந்து, அது மேலே ஏறுகிறது என்றால் யாத்திரையை மறந்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அவர் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது.

அப்புறம், ராத்தங்கலில் அன்போடு வைக்கிறீர்களே, உப்புப் போட்ட வெந்நீர் அண்டா, அதில் இவர்கள் காலை விட வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோய் வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து, உள்ளங்காலை டார்ச் அடித்து இன்னொருவர் பார்த்தால் போதும். கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் மறுநாள் அவரைச் சாமான் வண்டியில் ஏற்றுங்கள்.