குட்டிக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது பற்றி

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. போனில் நீ குட்டியைப் பற்றிக் கேட்ட நேரம் பார்த்து இங்கே குக்கர் கூவியது, வாசலில் வெங்காய வண்டிக்காரர் மைக்கைப் போட்டுவிட்டார். பாதி காதில் விழவில்லை. இது பேசி முடிகிற சமாச்சாரமும் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் சாவகாசமாகப் படியுங்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவள் வயதுப் பிள்ளை ஒன்று அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது, நம் குட்டி 'அம்மா, ஆடு' வந்ததும் எழுந்து ஓடிவிடுகிறாள் என்றாய். ஓடட்டும். ஒப்பிப்பது வேறு, எழுத்து தெரிவது வேறு. பால்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பாட்டாக எல்லாம் பாடுகிற பிள்ளையிடம் உ என்ற எழுத்தை மட்டும் தனியாக எழுதிக் காட்டு. விரலை மடக்கி அ, ஆ, இ, ஈ என்று முதலிலிருந்து வந்தால்தான் அதற்கு உ கிடைக்கும். படம் போட்ட அட்டையும் அப்படித்தான். அணிலை விரலால் மறைத்துவிட்டு அ-வை மட்டும் காட்டினால் பேந்தப் பேந்த விழிக்கும். அதுவரை படத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது என்று அப்போது தெரியும்.

எழுத்துக்கு முன்னால் காது. இதை யாரும் பாடமாக நினைப்பதில்லை, அதனால் விட்டுவிடுகிறார்கள். நீ சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ப-வில் என்னென்ன இருக்கு, சொல்லு" என்று கேள். பால், பருப்பு, பல்லி, பந்து என்று வரும். நடுவில் வேண்டுமென்றே 'தக்காளி' என்று சொல்லு. அவள் உன்னைத் திருத்தினால் வேலை பாதி முடிந்தது. அப்புறம் கை தட்டிச் சொல்: த-க்-கா-ளி. 'மரம்' கடைசியில் என்ன கேட்கிறது என்று கேள். ம்ம் என்று வாயை மூடிக் காட்டுவாள். ஒரு தாளும் பென்சிலும் இல்லாமல் இதெல்லாம் நடக்கும். குளிப்பாட்டும்போதும் நடக்கும்.

அங்கே இங்கிலாந்துப் பள்ளியில் ரிசப்ஷன் என்கிற முதல் வகுப்பில் எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லித் தருகிறார்கள், இது என்ன கூத்து என்றாய். நல்ல கூத்துதான். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) எழுத்துகளின் ஒலிகளோடு அங்கே பெரும்பாலும் தொடங்குவார்கள். அந்த ஆறை வைத்தே பின், டின் என்று சின்னச் சின்ன சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். பி-ஐ-என் என்று பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் 'பின்' எங்கிருந்து வரும்? டபிள்யூ என்று சொல்லிப் பார், அதன் ஒலி அந்தப் பெயரில் இருக்கிறதா? நம் தாத்தா காலத்திலும் ஆனா, ஆவன்னா, கானா, ஙானா என்று பெயராகத்தான் படித்தார்கள். பெயர்கள் பின்னால் தானாக வரும். அதனால் பள்ளியில் அவர்கள் ஸ்ஸ் என்று சொல்லித்தருவதை நீ வீட்டில் எஸ் என்று மாற்றாதே.

ஒரு விஷயம் மட்டும் கவனி. ஒற்றை ஒலியைச் சொல்லும்போது பின்னால் ஒரு அ ஒட்டக்கூடாது. நம் ஆட்களுக்கு முன்னால் இ ஒட்டுகிற பழக்கமும் உண்டு: இக், இங், இச். பாட்டாகச் சொல்ல அது அழகுதான். கூட்டிப் படிக்கும்போது 'இப்'பும் 'ஆ'வும் சேர்ந்து பா ஆகாது, பிள்ளை குழம்பும். ப் என்றால் உதட்டை ஒட்டி விடுவது, அவ்வளவே.

சரி, தமிழ் எழுத்தை எங்கே தொடங்குவது? 247 என்று ஒரு அட்டையைச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொன்னாய். முதலில் அதைக் கழற்று. பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மற்ற 216-ம் இவற்றின் சேர்க்கை. வரிசையாகச் சொல்வதற்கு அ நல்ல தொடக்கம், எழுதுவதற்கு இல்லை. சுழித்து, வளைத்து, கீழே இழுத்து, பக்கத்தில் கோடு போட வேண்டும். இ-யும் அதே கதை. ட, ப, ம மூன்றையும் பார். ட இரண்டு கோடு, ப மூன்று கோடு, ம-வில் ஒரு வளைவு. இந்த மூன்றில் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ர சேர்த்தால் மரம். கால் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் மாமா, பாப்பா, மாடம். தன் அம்மாவை எல்லோரும் கூப்பிடுகிற 'பாப்பா'வைத் தானே படித்துவிட்டால் அன்றைக்கு வீடே ரெண்டாகும்.

புள்ளியை இப்படிச் சொல்லு: முதலில் 'படம' என்றே படிக்கட்டும். அப்புறம் ம-வின் தலையில் புள்ளி வைத்து, "புள்ளி வந்தா வாயை மூடிக்கணும்" என்று சொல். நான் சொன்ன பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள்.

கொம்பு வரிசைக்கு அவசரம் வேண்டாம். உன் அண்ணன் பையனை வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு மெட்ரோவில் கூட்டிப்போனேன், வடிவுடையம்மன் கோயிலுக்கு. வழி நெடுக பேட்டைதானே: தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை. இரண்டாவது போர்டு தாண்டுவதற்குள் 'பேட்டை' என்ற உருவம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சுங்கச்சாவடி வந்ததும், "இதுல ஏன் பேட்டை இல்ல?" என்று சண்டை. வீட்டுக்கு வந்து அவனை எழுதச் சொன்னேன். ப-வை முதலில் எழுதிவிட்டு அதற்கு அப்புறம் கொம்பைப் போட்டான். ட-வை எழுதிவிட்டு அதன் பின்னால் ஐகாரத்தை வைத்தான். காதுக்கு அதுதான் நியாயம்: நாக்கு ப்-பைச் சொல்லிவிட்டுத்தான் ஏ-வைச் சொல்கிறது. ஏட்டில் மட்டும் ஏ முன்னால் நிற்கிறது. கொ-வில் பாதி முன்னால், பாதி பின்னால். குட்டி இப்படி எழுதினால் மாற்றி எழுதுகிறாள், ஏதோ கோளாறு என்று கூகுளில் தேட ஆரம்பிக்காதே. (லை-க்கு இப்போது தனியாக நிற்கும் இந்தக் கொம்பும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்ததுதான். உன் அப்பா கடைக்கணக்கில் 'விலை' எழுதும்போது இன்னும் பழைய லை-தான் போடுகிறார். அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.)

உண்மையில் கஷ்டமான வரிசை உகரம். கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும், பொதுவாக ஒரு குறி கிடையாது. ஆனால் ஆடு, மாடு, வீடு, பாட்டு என்று பிள்ளைக்குத் தெரிந்த சொல்லெல்லாம் அங்கேதான் முடிகிறது. அதனால் டு ஒன்றை மட்டும் முழு எழுத்தாகவே முன்கூட்டிக் காட்டிவிடு, மற்றது மெதுவாக.

ஆங்கிலம் படிக்கிற பிள்ளை, 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் க வேறு வேறாகக் கேட்கிறதே என்று ஒருநாள் கேட்பாள். விளக்கம் சொல்லி மாளாது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு நாக்கே சரியாகத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், எழுத்தைவிட முதலில் அவளோடு தமிழில் பேசுங்கள். மாப்பிள்ளையும் ஆபீஸ் இங்கிலீஷை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும். ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றுதான், சொல்லின் தொடக்கத்தில் ந வரும் என்பது இப்போதைக்குப் போதும். ழ வராவிட்டால் விடு. இந்தப் பேட்டையில் பாதிப் பேருக்கு 'வாயப்பயம்'தான், அவர்கள் எல்லாம் எழுதும்போது வாழைப்பழம் என்றுதானே எழுதுகிறார்கள். நீ சரியாகச் சொல்லிக்கொண்டே இரு, அவளை நிறுத்தித் திருத்தாதே.

பென்சிலும் இப்போது வேண்டாம். விரல் இன்னும் பிடிக்குப் பழகவில்லை. தட்டில் ரவையோ உப்போ பரப்பி ஆட்காட்டி விரலால் எழுதட்டும். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைப்பது போலத்தான், இதைத் தினமும் செய்தால் என்ன. பத்து நிமிஷம் போதும். அவள் "இன்னும்" என்று கேட்கும்போதே எடுத்துவைத்துவிடு.

அண்ணன் பையன் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது, தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து கூட்டிப்போகிறார்கள். எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்கவேண்டும் என்பதுதான் அங்கே இலக்கு. அரசாங்கமே எட்டு வரை பொறுக்கும்போது நீ ஏண்டி நாலு வயதில் அழுகிறாய்?

ஒன்றே ஒன்று பார்த்துவிடு. கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாளா, "ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்கிறாளா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறாளா? அடிக்கடி சளி பிடிக்கிறது என்றாய். சளியில் காது அடைத்துக்கொண்டால் ப-வும் த-வும் ஒன்றாகக் கேட்கலாம். மக்கு என்று எங்கள் பால்வாடியில் பெயர் வாங்கிய ஒரு பையனுக்குக் காதில்தான் கோளாறு, மருந்து போட்ட பிறகு வாயாடி ஆகிவிட்டான். அந்த மாதிரி தோன்றினால் மட்டும் டாக்டரிடம் காட்டு.

சித்தி பையன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறான். எம்.சி. ரோடில் மரச்சட்டம் போட்ட சிலேட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பலப்பமும் ஒரு டப்பா. நீ சின்ன வயதில் எழுதியதைவிடத் தின்றதுதான் அதிகம், அவளையாவது பார்த்துக்கொள். கூடவே வடகமும் நெத்திலிக் கருவாடும் வைக்கிறேன். கருவாடு வாசனைக்கு அங்கே பக்கத்து வீட்டில் ஏதும் சொல்வார்களா என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு, இரண்டு கவரில் கட்டவேண்டும்.

அன்புடன்,
அம்மா