கோடைக்கானல் பைன் காடும் பறவை பார்ப்போரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் கோடைக்கானல் குறித்த செய்திகளும் படங்களும் நாளிதழ்களில் வரிசையாக வெளிவருகின்றன. அவற்றுள் பலவும், மோயர் முனைக்குப் போகும் வழியிலுள்ள பைன் காட்டையே இம்மலையின் இயற்கைக் காடு என்பதுபோல் காட்டுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அக்காட்டின் அழகை நான் மறுக்கவில்லை. நெடுநெடுவென நிற்கும் மரங்களுக்கிடையே காலையில் மூடுபனி நகர்வதைப் பார்ப்பதற்காகவே பலமுறை போயிருக்கிறேன். ஆனால் அது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பைன் வகையை மனிதர் நட்டு வளர்த்த தோப்பு. கடந்த மார்கழியில் ஒரு விடிகாலை ஒன்றரை மணி நேரம் அங்கே காத்திருந்தும், நான்கைந்து பட்டாணிக் குருவிகளையும், அடிமரத்தில் தலைகீழாக இறங்கிப் பட்டையிடுக்குகளைக் குத்திப் பார்த்த ஒரு பசையெடுப்பானையும் தவிர வேறு பறவை எதுவும் கண்ணில் படவில்லை. உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் மட்காமல் மெத்தைபோல் தரையை மூடிக் கிடக்கின்றன; புதரும் குறைவு, பழம் தரும் செடியும் குறைவு.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஓடையோரச் சோலையின் (இம்மலைக்கே உரிய இயற்கைக் காட்டின்) விளிம்புக்கு வந்தபோதுதான் காடு பேசத் தொடங்கியது. கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் ஒன்று முழங்கால் உயரக் கிளையிலிருந்து ஈரச் சருகில் இறங்கிப் பூச்சியைக் கொத்துவதும், அதே கிளைக்குத் திரும்புவதுமாக இருந்தது. புதருக்குள் பழனி சிரிப்பான்கள் குடும்பமாகக் கூச்சலிட்டன. 1869-இல் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, இம்மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயரையே வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை என்பது, அருகில் நின்று தற்படம் எடுத்துக்கொண்டிருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; சொல்வதற்கு அங்கே ஆளுமில்லை, பலகையுமில்லை.

சோலையைவிட அதிகம் இழந்தது புல்வெளி. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையும் வரையாடும் திறந்த புல்வெளியை நம்பி வாழ்பவை. கோடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரில் அந்தப் புல்வெளி நாற்பதாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018-இல் தெரிவித்தது. மரத்தோப்புகளும் விவசாயமுமே அதற்குக் காரணம். அதற்காகப் பைன் மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன; அவற்றை நசுக்கிவிடக் கூடாது. ஆனால் காற்றில் பறக்கும் விதைகளால் புல்வெளியில் புதிதாக முளைக்கும் பைன் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவது நல்லது.

2024 மே மாதம் முதல் கோடைக்கானலுக்கு வருவோர் இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. அந்த அனுமதியுடனேயே தமிழில் ஒரு பக்கக் குறிப்பை அனுப்பலாம். எவை நட்ட மரங்கள், எவை இம்மண்ணின் மரங்கள், காட்டுமாடு (நம் மக்கள் காட்டெருமை என்றே அழைப்பது) வழியில் நின்றால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், ஒலிபெருக்கியும் ஹாரனும் ஏன் கூடாது என்பன அதில் இருந்தால் போதும். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, காலை ஆறு முதல் எட்டு மணி வரை சோலையோரமாகச் சிறு குழுக்களை அழைத்துச் செல்லச் செய்யலாம். இவற்றை வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கோடைச் சிறப்புப் பக்கத்தில் பைன் மர வரிசைக்குப் பதிலாக ஒரு பழனி சிரிப்பானின் படத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வத்தலக்குண்டு.