சார்ஜர் பழுதானாலும் மின்கலம் தப்ப வேண்டும்: மின்சுற்று வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். பழுதான மின்சாதனங்களைத் திறந்து பார்ப்பதே என் அன்றாட வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு குறையை உங்களிடம் முறையிடவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு சிறிய அவசர விளக்கு என்னிடம் வந்தது. திருகுகளைக் கழற்றியதுமே, உள்ளே தலையணைபோல் உப்பியிருந்த மின்கலம் மூடியை மேலே தள்ளியது. அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 4.7 வோல்ட். லித்தியம் அயனி மின்கலங்களில் பெரும்பாலானவை 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும் என்பதும், அதில் 0.05 வோல்ட் பிசகுவதே அதிகம் என்பதும் நீங்கள் அறிந்தவையே. சார்ஜிங் சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, யூஎஸ்பி வழியே வந்த 5 வோல்ட்டும் நேராக மின்கலத்துக்குப் போயிருக்கிறது. வழியில் அதைத் தடுக்க அந்தப் பலகையில் வேறு எந்த உறுப்பும் இல்லை.

இப்படி அளவு மீறிச் சார்ஜ் ஏறும்போது, மின்கலத்தின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய இடமில்லாத லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. நேர்முனைப் பொருள் நிலைகுலைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரு முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சிதைந்து வாயுவாகிறது. நான் கண்ட உப்பல் அந்த வாயுதான். அந்த விளக்கு தீப்பிடிக்காமல் என் மேசைக்கு வந்து சேர்ந்ததை நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தனியாகப் பாதுகாப்புச் சுற்று வைத்திருக்கிறோமே என்று உங்களில் பலர் கூறலாம். அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. வழக்கமான பாதுகாப்புச் சிப் ஏறத்தாழ 4.28 வோல்ட்டில்தான் இணைப்பைத் துண்டிக்கிறது. மின்னழுத்தம் சற்றுத் தணிந்ததும் பலவகைச் சிப்கள் தாமாகவே மீண்டும் இணைத்துவிடுகின்றன. உள்ளிருக்கும் சார்ஜிங் சுற்று நிரந்தரமாகக் கெட்டுப்போன கருவியில், மின்சாரத்தில் செருகிக் கிடக்கும் காலமெல்லாம் மின்கலம் அந்த உச்சத்தை ஒட்டியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பயனருக்கோ எதுவுமே தெரியாது. மடிக்கணினி பேட்டரிகள் பலவற்றில், முதற்சுற்றோடு தொடர்பில்லாத இரண்டாவது சிப் ஒன்று மின்னழுத்தத்தைக் கண்காணித்து, எல்லை மீறினால் ஃபியூஸை உருக்கி அந்த பேட்டரியை ஒரேயடியாக முடக்கிவிடுகிறது. மற்றக் கருவிகளிலும் இந்த ஏற்பாடு வரவேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. பழுதான சார்ஜரோடு தொடர்ந்து ஓடும் கருவியைவிட, ஓடாமல் நின்றுவிட்ட கருவி எவ்வளவோ மேல்.

தொடராக இணைத்த மின்கலங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. மூன்று மின்கலங்களின் மொத்தம் 12.6 வோல்ட் என்று சார்ஜர் நிம்மதியாக இருக்கும். உள்ளே இரண்டு 4.1 வோல்ட்டிலும் நலிந்த ஒன்று 4.4 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே அளக்காத பாதுகாப்பைப் பாதுகாப்பு என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டரையும் கைவிடாதீர்கள். அதற்கென்றே சிப்பில் உள்ள இணைப்புக் காலை (பின்) தரையிணைப்போடு சேர்த்து, அந்தக் காவலை அடியோடு அணைத்துவிட்ட பலகைகளை அடிக்கடி காண்கிறேன். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால், மின்னழுத்தம் சரியாக இருக்கும்போதே லித்தியம் உலோகமாகப் படியக்கூடும். அதை மின்னழுத்தம் பார்க்கும் எந்தச் சிப்பும் தடுக்காது.

உற்பத்திக்கு அனுப்பும் முன், மாதிரிப் பலகை ஒன்றில் சார்ஜிங் டிரான்சிஸ்டரின் இரு முனைகளையும் நீங்களே சால்டர் வைத்து இணைத்துவிடுங்கள். தீ பரவாத கூண்டுக்குள் அதை வைத்து மின்சாரம் கொடுத்து, மின்கலத்தின் மின்னழுத்தம் எங்கே போய் நிற்கிறது என்று சில நாட்கள் பதிவு செய்யுங்கள். பிறகு பாதுகாப்புச் சுற்றில் இணைப்பைத் துண்டிக்கும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டையும் அவ்வாறே ஷார்ட் செய்து, இரண்டாவது காவல் ஃபியூஸை உருக்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவைப் பார்த்த பின்னரே வடிவமைப்புக்கு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பழுதுநீக்கும் பணியில் உள்ள ஒருவன்