ஃபெர்ரியில் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு, சாவி கொடுக்கும்போது முடியாது என்றீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, வாடகைக் கார் நிறுவனம்

பொருள்: தீவுப் பயணத்துக்கு எடுத்த கார், வீணான ஃபெர்ரி டிக்கெட், தாமதக் கட்டணம்

வணக்கம்.

காலையில் உங்களிடம் கார் எடுத்து, ஃபெர்ரியில் ஏற்றித் தீவுக்குப் போய், சாயங்காலக் கப்பலில் திரும்பி வருவதாகத் திட்டம். தீவுக்குப் போனோம், ஆனால் கார் துறைமுக வாசலிலேயே நின்றது. வயதான அம்மாவை அழைத்துப் போவதற்காகத்தான் காரே எடுத்தோம் என்பதால் இதை லேசில் விட எனக்கு மனமில்லை.

முன்பதிவின்போதே குறிப்புக் கட்டத்தில் காரைக் கப்பலில் ஏற்றப்போகிறோம் என்று எழுதியிருந்தேன், அது போதாதோ என்று உங்கள் உதவி எண்ணிலும் கேட்டேன். "பிரச்சினையே இல்லை மேடம், நிறைய பேர் கொண்டுபோறாங்க" என்றார் பேசியவர். அவர் சொன்னதை நம்பித்தான் ஃபெர்ரி டிக்கெட் வாங்கினேன். கார் டிக்கெட் என்பது குறிப்பிட்ட நேரக் கப்பலுக்கு, குறிப்பிட்ட நீளமுள்ள வண்டிக்குக் கொடுப்பது, கப்பல் கிளம்புவதற்கு முன்பே செக்-இன் முடிந்துவிடும், அதைத் தவறவிட்டால் பணம் திரும்ப வராது. ஒரே நாளில் போய் வருகிறவர்களுக்கு அடுத்த கப்பல் என்பது பாதி நாள் போன மாதிரி.

அன்று காலை உங்கள் கவுன்டரில் இருந்தவர், தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வண்டியை எந்தக் கப்பலிலும் ஏற்றக் கூடாது, ஏற்றினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினார். நான் தனியாகப் பணம் கட்டி வாங்கிய கூடுதல் காப்பீடும் சேர்த்துத்தான். அந்தக் கடிதம் வர ஒரு வேலை நாள் ஆகுமாம். கப்பலோ இன்னும் சில மணி நேரத்தில். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார், ஃபோன் போட்டும் பார்த்தார், ஆனால் அந்த நேரத்தில் எடுக்க அங்கே ஆள் இல்லை.

அனுமதி இல்லாமலே ஏற்றியிருக்கலாமே என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கார் தளத்தில் வண்டிகளை ஒன்றோடொன்று நெருக்கித்தான் நிறுத்துவார்கள், பல சமயம் கதவை முழுதாகத் திறக்கக்கூட இடம் இருக்காது. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டுவிட்டு மேலே போய்விட வேண்டும், பயண நேரத்தில் கீழே இருக்க விடமாட்டார்கள். பக்கத்து வண்டியின் கதவு இடித்தாலும், கப்பல் ஆட்டத்தில் ஏதாவது சரிந்து விழுந்தாலும், யார் செய்தது என்று நிரூபிக்க நமக்கு வழியில்லை. கப்பல் நிறுவனத்தின் பொறுப்புக்கும் வரம்பு உண்டு. கடல் பயணிகளுக்கான ஏதென்ஸ் உடன்படிக்கை 1974-ல் வந்தது, அதைத் திருத்திய 2002 நெறிமுறைப்படி ஒரு வாகனத்துக்கு, உள்ளே இருக்கும் சாமானையும் சேர்த்து, 12,700 எஸ்டிஆர் வரைதான். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. இந்த உடன்படிக்கை எல்லா வழித்தடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வரம்புக்கு மேல் போகும் நஷ்டத்தைத் தாங்கத்தானே கார் காப்பீடு? அதுவும் செல்லாது என்றால் முழு வண்டியின் விலையும் என் தலையில். அந்த ஆபத்தை நான் எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் கூடாது.

இன்னொன்று, கடிதம் கையில் இருந்திருந்தாலும் நாங்கள் ஏறியிருப்போமா என்பதே சந்தேகம். நான் கேட்டது சின்ன கார், அந்த நீளத்துக்குத்தான் டிக்கெட். நீங்கள் நிறுத்தி வைத்திருந்ததோ 4.6 மீட்டர் நீள வண்டி, மேலே லக்கேஜ் கம்பி வேறு. கூடுதல் பணம் இல்லாமல் பெரிய வண்டி தருகிறோம் என்றார்கள். சாலையில் ஓட்டுகிறவருக்கு அது லாபமாக இருக்கலாம். ஃபெர்ரியில் இடத்தையே மீட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள், நீளம் கூடினால் கட்டணம் கூடும், தளம் நிரம்பியிருந்தால் ஏற்றவே மாட்டார்கள். "அல்லது அதற்கு இணையான வண்டி" என்று உங்கள் ரசீதில் போட்டிருப்பது ஃபெர்ரி வாடிக்கையாளருக்கு எப்படிப் பொருந்தும்? நம்பர் பிளேட்டும் காலையில்தான் தெரியும், ஆனால் அதைச் செக்-இன்னில் மாற்றிக்கொள்ள ஃபெர்ரிக்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். நீளத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கடைசியில் காரைத் துறைமுக வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடைப் பயணிகளாக ஏறினோம். தீவின் மறுகோடியில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத்தான் அம்மா ஆசைப்பட்டார். பஸ்ஸைப் பிடித்தால் திரும்பும் கப்பலைப் பிடிக்க முடியாது, முழங்கால் வலியோடு நடக்கவும் அவரால் முடியாது. இறங்குதுறையை ஒட்டிய கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். "பரவாயில்லைடி, காத்து நல்லா இருக்கு" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இதற்கு மேல் தாமதக் கட்டணம் வேறு. கப்பல் வரும்போது உங்கள் கிளை மூடியிருக்கும், சாவியைப் பெட்டியில் போட்டுவிடுங்கள் என்று சொன்னதே உங்கள் ஆள்தான். அப்படியே போட்டோம். அடுத்த நாள் காலை கிளை திறந்து வண்டியைக் கணக்கில் ஏற்றிய நேரத்தை நான் திருப்பிக் கொடுத்த நேரமாக எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு நாள் வாடகையை டெபாசிட்டில் பிடித்திருக்கிறீர்கள். வண்டியை நிறுத்தியதும் எரிபொருள் அளவும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். பிடித்த கூடுதல் நாள் வாடகையை முழுதாகத் திருப்பித் தாருங்கள். பயன்படுத்தாத ஃபெர்ரி டிக்கெட்டில் காருக்கான பகுதியையும் நீங்கள்தான் தர வேண்டும், அந்த நாளின் வாடகையிலும் கூடுதல் காப்பீட்டிலும் பாதியாவது திரும்ப வேண்டும். வாடகை முழுவதையும் நான் கேட்கவில்லை, துறைமுகம் வரை வண்டியை ஓட்டினோம் என்பது உண்மை. அப்புறம், முன்பதிவுப் பக்கத்திலேயே வண்டி கப்பலில் ஏறுமா என்று ஒரு கேள்வியை வையுங்கள். ஆமாம் என்று சொல்கிறவர்களுக்கு அனுமதிக் கடிதத்தை உறுதிச் சீட்டோடு அனுப்பி, இந்த நீளத்துக்கு மேல் வண்டி தரமாட்டோம் என்றும் எழுதிக் கொடுங்கள். முடியாது என்றால் அதையாவது அங்கேயே சொல்லிவிடுங்கள், தீவிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வோம்.

உதவி எண்ணில் பேசிய அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், அதை அழிக்காமல் வைத்திருங்கள். கார்டில் பிடித்த பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கக் கெடு இருப்பதால் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், வராவிட்டால் வங்கியிலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் இதே ஆவணங்களைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு உறுதிச் சீட்டு, ஒப்பந்த நகல், ஃபெர்ரி டிக்கெட், வண்டியை நிறுத்தியபோது எடுத்த படங்கள், கார்டு கணக்கு அறிக்கை