ஸ்ட்ராட்ஃபோர்டு வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கனெக்டிகட் மாநிலத்து ஸ்ட்ராட்ஃபோர்டிலும் அதையொட்டிய டிரம்புல், ஷெல்டன், மில்ஃபோர்டு ஆகிய ஊர்களிலும் குடியிருந்து, வார இறுதி தோறும் மகளைச் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்காக இம்மடலை எழுதுகிறேன். நம் பெண்கள் ஆடும் ஃபாஸ்ட் பிட்ச் சாஃப்ட்பாலை, அதாவது பேஸ்பாலைப் போன்று, தோளுக்குக் கீழிருந்து வேகமாகப் பந்தெறியும் ஆட்டத்தை, உலகறியச் செய்த அணிகளில் முதல் வரிசையில் நிற்பது ஸ்ட்ராட்ஃபோர்டின் பிரேக்கெட்ஸ் அணி. அதன் வீராங்கனைகளுக்கு ஊர் செய்ய வேண்டிய மரியாதையில் நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை நாம் இன்னும் செலுத்தவில்லை.

என் மகள் பந்தெறியக் கற்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அவள் பந்துகளைப் பிடிப்பவள் நான்தான். அவள் கை தலைக்கு மேல் ஒரு முழு வட்டம் சுற்றி இறங்குகிறது, முன்கை இடுப்பை உரசுகிறது, மணிக்கட்டு சுண்டுகிறது. கண் இமைப்பதற்குள் பந்து என் கையுறையில் வந்து அறைகிறது. இரவில் சப்பாத்தி மாவு பிசையும்போதும் உள்ளங்கை காந்தும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, தோளுக்குக் கீழிருந்து எறியும் பந்தில் என்ன வேகம் இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம் முன்பு இருந்தது. அந்த எண்ணத்தோடு இன்றும் இருப்பவர்கள் ஒரு மாலை என் வாளியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்த ஊரில் ரேபெஸ்டாஸ் என்ற பெயரில் பிரேக் லைனிங் செய்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் ஆதரவில் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெண்கள் அணிதான், பிரேக்கிலிருந்தே பெயர் பெற்ற பிரேக்கெட்ஸ். 1958இல் முதல் தேசியப் பட்டம் வென்ற இவ்வணி, 1971 முதல் 1978 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அப்பட்டத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1965இல் மெல்போர்னில் நடந்த முதல் மகளிர் உலகச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் சார்பில் ஆடி, இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-0 என்ற கணக்கில் தோற்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், அதே உலகச் சாம்பியன்ஷிப் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கே வந்தபோது, சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் பிரேக்கெட்ஸ் பட்டத்தை வென்றது. நாம் மளிகை வாங்கப் போய்வரும் இதே ஊரில்தான் இது நடந்தது என்பதை நான் அறிந்துகொள்ள, இங்கு குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆயின.

அந்த அணியின் பெரும்புகழ் ஜோன் ஜாய்ஸ். அருகிலுள்ள வாட்டர்பரியில் பிறந்தவர். இன்று நம் பெண்கள் சுற்றுவது போல் கையை முழு வட்டமாகச் சுற்றாமல், பின்னுக்கு இழுத்துக் கவண் போல விடுவிக்கும் முறையில் எறிந்தவர். பேஸ்பாலில் ஒரு பருவம் முழுவதும் 0.400க்கு மேல் (பத்து முயற்சிக்கு நான்கு வெற்றி அடிகளுக்கு மேல்) சராசரி வைத்திருந்த கடைசிப் பெரும் மட்டையாளர் என்று இந்நாட்டார் போற்றும் டெட் வில்லியம்ஸ், 1961இல் வாட்டர்பரி மைதானத்தில், புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு நிதி திரட்டும் காட்சி ஆட்டம் ஒன்றில் ஜாய்ஸின் பந்தை எதிர்கொண்டார். பந்துக்குப் பின் பந்தாக முயன்றும் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை; மட்டையை விட்டுவிட்டு நகர்ந்தார். அன்று ஜாய்ஸுக்கு வயது இருபது.

ஆயினும் ஓர் அணி ஒரு பந்தெறிபவரால் மட்டும் நிற்பதில்லை. சிறுமியாக இருந்தபோது, பெண் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறுவர் பேஸ்பால் அணியில் இடம் மறுக்கப்பட்ட டோனா லோபியானோ, பின்பு பிரேக்கெட்ஸில் ஆடி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மகளிர் விளையாட்டுத் துறைக்குத் தலைமை ஏற்று, பெண்களுக்கு விளையாட்டில் சம உரிமை வேண்டி இந்நாடெங்கும் வாதாடினார். நெடுங்காலம் இவ்வணியின் பயிற்றுநராக இருந்த ரால்ஃப் ரேமண்ட்தான் 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அமெரிக்க அணியையும் வழிநடத்தினார். இவர்களோடு, பெயர் எங்கும் பெரிதாக அச்சேறாமல், பத்து ஆண்டுகள் வலப்புற எல்லையில் நின்று பந்து பிடித்தவர்களும், மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் இரண்டாம் கேட்சராக முழங்கால் தேய உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். இம்மடல் முதன்மையாக அவர்களை எண்ணியே எழுதப்படுகிறது.

இனி, மனத்தை வருத்தும் செய்தியைச் சொல்ல வேண்டும். 1974இல் உலகப் பட்டம் வென்ற ஃப்ராக் பாண்ட் லேன் மைதானத்தில் இன்று எவரும் ஆட முடியாது. 1919 முதல் 1989 வரை இயங்கிய அந்தத் தொழிற்சாலையின் கழிவு, கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஈயமும் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள்களும் கலந்தது, ஊரின் பல இடங்களில் பள்ளம் நிரப்பும் மண்ணாகக் கொட்டப்பட்டிருந்தது. அந்த மைதானமும் அதற்குத் தப்பவில்லை. 1995இல் அந்தத் தொழிற்சாலை சார்ந்த இடங்கள் மத்திய அரசின் சூப்பர்ஃபண்டு பட்டியலில், அதாவது நச்சுக் கழிவு அகற்றித் தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களின் பட்டியலில், சேர்ந்தன. பிற இடங்களில் தோண்டிய கழிவையும் இந்தப் பழைய மைதானத்திலேயே குவித்து மூடுவது என்று முடிவாகி, அப்பணி 2020இல் தொடங்கியது. வீராங்கனைகள் ஓடிய மண் இப்போது கழிவின் அடியில் இருக்கிறது.

இந்த இடத்தை மறப்பதே ஊருக்கு நல்லது என்று கருதுவோர் உண்டு; ஆலையால் நோயுற்றவர்களின் குடும்பத்தார் அப்படி நினைத்தால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என்றாலும், அணியை வளர்த்த கையும் மண்ணைக் கெடுத்த கையும் ஒன்றே என்பதற்காக, அந்தப் பெண்களின் உழைப்பையும் சேர்த்துப் புதைப்பது நியாயமாகாது. வீரர் விழுந்த இடத்திலேயே பெயரும் செயலும் பொறித்து நடுகல் நட்ட வழக்கம் நம்முடையது. அதேபோல, அந்த நிலம் பின்னாளில் எதற்குப் பயன்பட்டாலும், அதன் வாயிலில் ஒரு கல் வேண்டும். அங்கு ஆடிய ஒவ்வொருவரின் பெயரும், அந்த மண்ணுக்கு நேர்ந்ததும் அந்த ஒரே கல்லில் இருக்க வேண்டும்.

இதற்குக் காலம் நம் கையில் மிகுதியாக இல்லை. ஜாய்ஸ் 2022 மார்ச்சில் மறைந்தார். 1974 அணியினரில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் வாயால் சொல்வதைப் பதிவுசெய்து நகர நூலகத்தில் சேர்க்க வேண்டுமென்றால், அதை இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும். ஒலிப்பதிவிலும் தட்டச்சிலும் தேர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! சங்க விழாவுக்கு இரவு பகலாக உழைக்கும் நாம், இதற்கு நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்க முடியும்.

பிரேக்கெட்ஸ் அணி இன்றும் டிலூகா மைதானத்தில் கோடை தோறும் ஆடிவருகிறது. உங்கள் மகள்களை அங்கு அழைத்து வாருங்கள். ஆட்டம் முடிந்தபின், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் வீராங்கனைகள் எவரேனும் தென்பட்டால், அருகில் போய்ப் பேசச் சொல்லுங்கள். கல்லும் பதிவும் வேண்டி நகர மன்றத்துக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் வசிப்போரின் கையொப்பம் அதில் முதலில் வர வேண்டும். இக்கோடையின் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று, மைதான வாயிலுக்கு இடப்புறம் மடிப்பு மேசையோடும் ஒரு குடுவை மோரோடும் நானும் என் மகளும் இருப்போம்.

அன்புடன்,
டிரம்புலிலிருந்து ஒரு தாய்